லோடு வண்டி எடுக்கப் போறீங்களா? பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் – மேட்டுப்பாளையம் ரோட்டுல லோடு வண்டி தொழில். வீட்டுல பெட்ரோல் வண்டி ஒன்னு, டீசல் வண்டி ஒன்னு நிக்குது. அதனாலயோ என்னவோ புதுசா வண்டி எடுக்க நினைக்குற பசங்க எல்லாம் ஸ்டேண்டுக்கு வந்து கேக்குற கேள்வி ஒன்னேதான். ஒவ்வொருத்தருக்கும் டீ ஆறுற வரைக்கும் பேசிட்டு இருக்கறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். பேசறது குட்டி யானை (டாட்டா ஏஸ்), சூப்பர் கேரி, தோஸ்த், பொலேரோ பிக்கப் சைஸ் வண்டிங்கள பத்தி மட்டும். ஈச்சர், டாரஸ் மாதிரி பெரிய லாரி ஓட்டுறவங்களுக்கு இதுல ஒன்னும் இல்ல.

அண்ணா மொதல் வண்டி, பெட்ரோலா டீசலா, ஒரே வார்த்தைல சொல்லுங்க

ஒரே வார்த்தைல முடியாது தம்பி, ரெண்டு கேள்வி கேக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏத்துவ? டவுனுக்குள்ள அம்பது அறுவது கிலோமீட்டர், அரை டன் முக்கால் டன் சரக்குன்னா பெட்ரோல், இல்ல பங்க் பக்கத்துல இருந்தா சிஎன்ஜி (அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு). தினம் நூத்தம்பதுக்கு மேல, ஒரு டன்னுக்கு மேல, ஹைவே இல்லாட்டி மலைன்னா டீசல். நடுவுல மாட்டுறவங்களுக்குத்தான் கீழ இருக்கற மிச்ச கேள்வி எல்லாம்.

டீசல் தான் மைலேஜ் குடுக்கும், அப்புறம் எதுக்குங்க யோசிக்கணும்?

மைலேஜ் குடுக்கும், இல்லன்னு யாரும் சொல்லல. ஆனா அந்த மைலேஜுக்கு முன்கூட்டியே காசு கட்டிட்டுத்தான் ஷோரூம்ல இருந்து வெளிய வர்றீங்க. 2025 ரேட்டுல பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 93னு வெச்சுக்கங்க. லோடோட பெட்ரோல் வண்டி 14, டீசல் வண்டி 18 குடுக்குதுன்னு கணக்குக்கு எடுத்தா, பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு 7 ரூபா 20 காசு, டீசலுக்கு 5 ரூபா 20 காசு பக்கம். வித்தியாசம் ரெண்டு ரூபா.

இப்ப டீசல் வண்டி ஒரு லட்சம் கூடுதல்னா அந்தக் காசு திரும்பி வர அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடணும். மாசம் 4000 ஓடுறவருக்கு ஒரு வருசத்துல கை வந்து சேரும், மாசம் 1500 ஓடுறவருக்கு மூணு வருசம் கிட்ட ஆயிடும், இதுல அந்த ஒரு லட்சத்துக்கு டியூல கட்டுற வட்டிய நான் சேக்கவே இல்ல, டீசல் சர்வீஸ் பில்லையும் சேக்கல. உங்க ஊர் ரேட்டு, நீங்க பாத்து வெச்சிருக்கற வண்டியோட வில வித்தியாசம் ரெண்டையும் போட்டு இதே கணக்க நீங்களே ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. ஷோரூம்காரர் சொல்ற மைலேஜ போடாதீங்க, அதே வண்டிய உங்க ரூட்டுல ஓட்டுறவர் சொல்றத போடுங்க.

எங்கப்பா காலத்துல எல்லாரும் டீசல் தானே எடுத்தாங்க, இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

மூணு விசயம் மாறிடுச்சு. மொதல்ல ரேட்டு. அப்ப டீசல் வில அரசாங்கம் கையில இருந்தது, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடுவுல இருவது ரூபாய்க்கு மேல கூட வித்தியாசம் இருந்த காலம் அது. 2010ல பெட்ரோல் வில கட்டுப்பாட்ட எடுத்தாங்க, 2014 அக்டோபர்ல டீசலுக்கும் எடுத்துட்டாங்க. இப்ப இடைவெளி எட்டு ஒம்போது ரூபா தான்.

ரெண்டாவது பிஎஸ்6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி. 2020 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ்6 இல்லாத புது வண்டி ரிஜிஸ்டர் ஆகாது. அந்த நார்ம்ஸுக்குள்ள டீசல கொண்டு வரணும்னா பில்டர், சென்சார்னு ஏகப்பட்டத மாட்டணும், சின்ன வண்டில அந்தச் செலவு தாங்காது. மாருதி சூப்பர் கேரி 2016ல வந்தப்ப 793 சிசி டீசல் எஞ்சினும் இருந்தது, பிஎஸ்6 வந்ததும் டீசல விட்டுட்டு பெட்ரோல், சிஎன்ஜி மட்டும்னு ஆயிடுச்சு. 2005ல டாட்டா ஏஸ் வந்தப்ப ரெண்டு சிலிண்டர் டீசல் தான், 2025ல வந்த ஏஸ் ப்ரோல பெட்ரோல், சிஎன்ஜியோட பெட்ரோல், கரண்ட் வண்டி மூணு இருக்கு, டீசலையே காணோம். கம்பெனிக்காரங்களே ஒரு டன்னுக்குக் கீழ டீசல்ல இருந்து மெல்ல நழுவிட்டு இருக்காங்கன்னு இதுலயே தெரியுதே.

மூணாவது மெக்கானிக். பழைய டீசல ரோட்டோரமா ஸ்பேனர வெச்சுப் பிரிச்சு மாட்டிடுவாங்க. இப்ப லேப்டாப் இல்லாம கை வெக்க முடியாது.

சிஎன்ஜி எடுத்தா செம லாபம்ங்கறாங்களே, நிஜமா?

எரிபொருள் கணக்குல நிஜம். கிலோ தொண்ணூறு ரூபா பக்கம்னு வெச்சு, கிலோவுக்கு 20 கிலோமீட்டர் குடுத்தா நாலரை ரூபா தான் ஆகுது, டீசல விடக் கம்மி. ஆனா பங்க் எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க. கோயம்புத்தூர்ல, சென்னைல பிரச்சனை இல்ல, ஆனா நீங்க போற வழில கடைசி பங்க் எங்கன்னு தெரிஞ்சுக்கணும், அப்புறம் காலைல ஆட்டோ, கால் டாக்ஸி எல்லாம் நிக்கற நேரத்துல போனா வரிசைல முக்கா மணி நேரம் போயிடும். அந்த முக்கா மணி நேரத்துல ஒரு லோக்கல் நட அடிச்சிருக்கலாம், அந்த வாடகையும் செலவுதான்.

இன்னொன்னு எடை. சிலிண்டர் கனமான சாமான், அது சேஸ்ல ஏறினா அந்த அளவுக்கு நீங்க ஏத்துற சரக்கு குறையும். சூப்பர் கேரில பெட்ரோலுக்கு 740 கிலோ, சிஎன்ஜிக்கு 625 கிலோனு குடுத்திருக்காங்க. தண்ணி கேன் போடுறவருக்கு நடைக்கு அஞ்சு கேன் போச்சு. நுரை மெத்த, காலி பெட்டி, பேக்கரி சாமான் ஏத்துறவருக்கு இது ஒரு விசயமே இல்ல, எடம் தான் நிரம்பும், எடை வராது.

60 லிட்டர் சிலிண்டர்னு போட்டிருக்கு, ஒம்போது பத்து கிலோவுக்கு மேல ஏறவே மாட்டேங்குது, பங்க்ல ஏமாத்துறாங்களா?

இல்லங்க. 60 லிட்டர்ங்கறது அந்தச் சிலிண்டருக்குள்ள தண்ணி ஊத்தினா பிடிக்கற அளவு. அதுல 200 பார் அழுத்தத்துல கேஸ் அடிச்சா ஒம்போது பத்து கிலோ தான் வரும். வெயில் நேரத்துல அடிச்சா சூட்டுல கேஸ் விரியும், அழுத்தம் சீக்கிரம் ஏறி பம்ப் கட் ஆயிடும், அதனால இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் ஏறும். விடியக்காலைல அடிக்கறவங்க விவரமானவங்க.

மூணு வருசத்துக்கு ஒரு தடவ சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தத்துல சோதிக்கறது) கட்டாயம், அந்தத் தேதி சிலிண்டர் தகட்டுல அடிச்சிருக்கும். பழைய வண்டி வாங்கும்போது யாரும் அத குனிஞ்சு பாக்கறதில்ல.

ஒரு டன் ஏத்தினா பெட்ரோல் இழுக்காதா? ஹார்ஸ்பவர் எல்லாம் ஒன்னு போலத்தானே போட்டிருக்கான்?

ஹார்ஸ்பவர விடுங்க, டார்க், அதாவது இழுக்கற திறன் எவ்வளவு, அது எத்தனை ஆர்பிஎம்ல (எஞ்சின் சுத்துற வேகம்) வருதுன்னு பாருங்க. சூப்பர் கேரி பெட்ரோலுக்கு 104 நியூட்டன் மீட்டர் பக்கம், அதுவும் ஆர்பிஎம் 3000 கிட்ட போனாத்தான் முழுசா கெடைக்கும். பொலேரோ பிக்கப் டீசலுக்கு 200 பக்கம், 1400ல இருந்தே கையில நிக்கும். லோடோட ஒரு மேட்டுல நின்னு எடுக்கறப்போ பெட்ரோல்ல ஆக்ஸிலேட்டர அமுக்கிட்டு கிளட்ச பாதில பிடிக்கணும், டீசல்ல கால லேசா எடுத்தாலே வண்டி உருளும். இதே கத ஒரு நாளைக்கு நூறு தடவ நடந்தா கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும், அது பெட்ரோல் வண்டிக்கு வர்ற மறைமுகச் செலவு.

கணபதி பக்கம் ஃபவுண்டரில காஸ்டிங் ஏத்துறவங்க இத நல்லா யோசிங்க. பாடி கால்வாசி கூட நிரம்பியிருக்காது, பாத்தா இன்னும் எடம் இருக்கற மாதிரி இருக்கும், வேபிரிட்ஜ்ல ஏத்தினா ஒரு டன் தாண்டியிருக்கும். ஓவர்லோடு பிடிச்சா இருவதாயிரம் ஃபைன், அதுக்கு மேல கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் ரெண்டாயிரம், 2019ல சட்டம் மாறினதுல இருந்து. எஞ்சின் இழுக்குதுங்கறதால ஏத்தலாம்னு அர்த்தமில்ல, ஆர்சி புக்ல போட்டிருக்கற எடை தான் கணக்கு.

ஊட்டிக்கு தினமும் போகணும், பெட்ரோல் வண்டி மலை ஏறுமா?

ஏறும், ஆனா எது ஏத்திட்டு ஏறப்போறீங்கன்னு பாக்கணும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து முன்னூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா காத்து மெலிஞ்சு டர்போ இல்லாத எஞ்சினுக்கு பத்துல ஒரு பங்கு சக்தி கொறையும். குன்னூர் வழியா அம்பது கிலோமீட்டர்ல ஊட்டி போய்ச் சேரும்போது அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போயிருக்கும். சின்ன பெட்ரோல் எஞ்சின்ல டர்போ கெடையாது. டர்போ டீசல் காத்த அமுக்கி உள்ள தள்ளுறதால இந்த எழப்ப பெருசா காட்டாது.

அரிசி, சிமெண்ட், மளிகைன்னு மேல ஏத்துறவங்க கண்ண மூடிட்டு டீசல் எடுங்க. ஆனா கேரட், உருளைக்கிழங்க மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குறவருக்கு கத தலைகீழ். ஏறும்போது காலி சாக்கு, காலி கிரேட், இறங்கும்போது தான் முழு லோடு. அவருக்கு எஞ்சின விட பிரேக்கும் கியரும் தான் முக்கியம். பெட்ரோலோ டீசலோ, ஏறின கியர்லயே இறங்கணும். நியூட்ரல்ல விட்டு எண்ணெய் மிச்சம் பண்றேன்னு இறங்குறவங்க இன்னும் இருக்காங்க, இத்தன ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறமும்.

டிபிஎஃப்னு ஒரு லைட் எரியுது, வண்டி நல்லாத்தான் ஓடுது, அப்படியே விட்டுடலாமா?

விடாதீங்க. டிபிஎஃப்ங்கறது சைலன்சர் லைன்ல இருக்கற புகைக்கரி பில்டர். கரி அதுல போய் அடையும், அப்பப்ப 550, 600 டிகிரி சூட்டுல அத எரிச்சு சாம்பலாக்கணும், அதுக்குப் பேர் ரீஜென். ஹைவேல ஒரே வேகத்துல ஓடுற வண்டிக்கு இது டிரைவருக்கே தெரியாம நடக்கும். காந்திபுரத்துல இருவது கிலோமீட்டர் வேகத்துல நின்னு நின்னு ஓடி, கடைக்குக் கடை ஆஃப் பண்ணுற வண்டிக்கு அந்தச் சூடே வராது, கரி சேந்துகிட்டே போகும், கடைசில லைட்டு.

லைட் எரிஞ்ச அன்னைக்கே பைபாஸ்ல ஏத்தி ஒரு கியர் கொறச்சு ஆர்பிஎம் தூக்கலா வெச்சு இருவது நிமிசம் நிறுத்தாம ஓட்டுங்க, பெரும்பாலும் அணைஞ்சிடும். சில மாடல்ல இதுக்குன்னே ஒரு பட்டன் குடுத்திருக்காங்க, மேனுவல் புக்க பாருங்க. கண்டுக்காம விட்டா வண்டி தானாவே சக்திய கொறச்சுக்கும், அப்புறம் கம்பெனி சர்வீஸ்ல லேப்டாப் மாட்டித்தான் எரிக்கணும், அதுலயும் ஆகலன்னா பில்டர் மாத்தணும், அந்த பில்ல பாத்தா டியூ கட்டுற மாசம் ஞாபகம் வரும். இன்னொன்னு, பாதி பாதில ரீஜென் நின்னுட்டே இருந்தா சிலிண்டருக்குள்ள அடிச்ச டீசல் ஒழுகி எஞ்சின் ஆயிலோட கலக்கும். ஆயில் கேஜ எடுத்துப் பாத்தா அளவு கொறையாம ஏறிட்டு இருக்கும், தொட்டா தண்ணியா இருக்கும், டீசல் வாசம் அடிக்கும். ஆயில் கொறையலன்னு சந்தோசப்பட்டு விட்டா பேரிங் போயிடும்.

மொதல் கேள்வில டவுனுக்குள்ள மட்டும் ஓடுறவங்களுக்கு டீசல் வேண்டாம்னு சொன்னதுக்கு மைலேஜ் கணக்க விட இதுதான் பெரிய காரணம்.

மெக்கானிக் அந்த டிபிஎஃப்ப கழட்டி குத்தி எடுத்துட்டா தொல்ல இல்லைங்கறார், செய்யலாமா?

வாரண்டி அன்னைக்கே போச்சு. கம்பெனில வந்த ஸ்பெக்க மாத்துறது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு, எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சான்றுக்கு) போகும்போது புகை டெஸ்ட்ல மாட்டும். விக்கும்போது விவரமான ஆள் சைலன்சர தட்டிப் பாத்தே வெலய கொறப்பார். வேண்டாம்.

டீசல் வண்டிக்கு யூரியா ஊத்தணுமாமே? எங்க வீட்டுல வயலுக்குப் போடுற யூரியா மூட்ட இருக்கு, கரைச்சு ஊத்திக்கலாமா?

சிரிக்காதீங்க, இத கேட்டவங்க நெறைய பேர். எல்லா டீசலுக்கும் தேவையில்ல, ஆட்ப்ளூ டேங்க் தனியா குடுத்திருக்கற மாடலுக்கு மட்டும், மூடி நீலக் கலர்ல இருக்கும். அது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் மிச்சம் தாது எடுத்த தண்ணியும். நம்ம உர யூரியால 2015ல இருந்து வேப்பெண்ணெய் பூசித்தான் தர்றாங்க. அத கரைச்சு ஊத்தினா வேப்பெண்ணெயும், போர் தண்ணி உப்பும் போய் இன்ஜெக்டர அடைச்சு, புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்ட காலி பண்ணிடும். தவிர மானிய யூரியாவ இதுக்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது. பங்க்லயே கேன்ல கெடைக்குது, சீல் பாத்து வாங்குங்க. தீந்துட்டா ஆஃப் பண்ணின வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாத மாடலும் இருக்கு, பாலக்காடு தாண்டி ராத்திரில நிக்காதீங்க.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்ல மைலேஜ் அடி வாங்குதே, அப்ப டீசல் தான் பெட்டரா?

அடி வாங்கும், உண்மதான். எத்தனாலுக்கு பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதுல இருவது சதவீதம் கலந்தா லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி கொறையும். மேல நான் போட்ட 14 மைலேஜ 13னு வெச்சு கணக்கு போடுங்க, வித்தியாசம் ரெண்டு ரூபால இருந்து ரெண்டரை ரூபா ஆகும். அம்பதாயிரம் கிலோமீட்டர் நாப்பதாயிரமா கொறையும். இதனால முடிவு மாறுறது நடுவுல நிக்கறவங்களுக்கு மட்டும்தான். மாசம் 1500 ஓடுறவருக்கு அப்பவும் பெட்ரோல் தான் சரி.

டீசல் வண்டில பெட்ரோல் அடிச்சிட்டான் பங்க் பையன், என்ன பண்ண?

சாவிய தொடாதீங்க. ஸ்டார்ட் வேண்டாம், சாவிய ஆன் பொசிஷனுக்கு கூட திருப்பாதீங்க, பல வண்டில ஆன் பண்ணினாலே பம்ப் ஓடி உள்ள இழுத்துடும். ஓரமா தள்ளி நிறுத்தி டேங்க முழுசா வடிச்சிட்டு பில்டர மாத்திட்டா ஆயிரக்கணக்குல முடிஞ்சிடும். டீசல் பம்புக்கு டீசல் தான் எண்ணெய்ப் பசையே. பெட்ரோல் போனா அந்தப் பச கழுவிட்டு இரும்பு இரும்போட உரசும், அந்தத் தூள் நாசில் வரைக்கும் போயிடுச்சுன்னா லட்சக்கணக்குல செலவு. கையோட பில் வாங்கி வெச்சுக்கங்க, அப்புறம் பேச்சு மாறும். பெட்ரோல் வண்டில டீசல் அடிச்சா இவ்வளவு மோசம் இல்ல, பொகைஞ்சு நின்னுடும், டேங்க கழுவி பிளக்க மாத்தினா பெரும்பாலும் சரியாயிடும்.

செகண்ட் ஹேண்ட் எடுக்கலாம்னு இருக்கேன், அதுல எது நல்லது?

பழசுல கணக்கே வேற. 2020க்கு முந்தின பிஎஸ்4 டீசல்ல டிபிஎஃப் தொல்ல இல்ல, ஊர் ஊருக்கு மெக்கானிக் இருக்கார், சாமான் கெடைக்குது, அதனாலயே அதுக்கு இன்னும் மவுசு. ஆனா அஞ்சாறு வருசம் ஓடின வண்டி, எஞ்சின் வேல பக்கத்துல நிக்கும்.

போனதும் பேச்சுக் குடுத்துட்டே பானட்ட, இல்ல சீட்ட தூக்கி எஞ்சின தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கார், காலைல கஷ்டப்பட்டு எடுக்கற வண்டின்னு அர்த்தமா இருக்கலாம், அடுத்த நாள் விடியக்காலைல சொல்லாம போங்க. வண்டி நின்ன எடத்துலயே எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது ஆயில் மூடிய கழட்டி அதே ஓட்ட மேல தலைகீழா வெச்சுப் பாருங்க. மூடி லேசா ஆடினா பரவால்ல, குதிச்சு கீழ விழுந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சு கம்ப்ரஷன் கீழ வருது, எஞ்சின பிரிச்சு போர் வேல பாக்கணும்னு வெலய பேசுங்க. பிஎஸ்6 டீசல்னா ஸ்கேனர் மாட்டி டிபிஎஃப் எவ்வளவு அடைஞ்சிருக்குன்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

வீட்டு கேஸ் சிலிண்டர மாட்டி ஓட்டுறாங்களே, நானும் மாட்டலாமா?

கூடாது. சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. அது எல்பிஜி, சிஎன்ஜி வேற, ரெண்டுக்கும் அழுத்தம், கிட் எதுவுமே ஒத்துப்போகாது. வெளிக் கடைல கிட் மாட்டினா கூட அப்ரூவ்டு கிட்டான்னு பாத்து, ஆர்சில எரிபொருள மாத்தி, இன்சூரன்ஸ்லயும் ஏத்தணும், இல்லன்னா தீப்பிடிச்சா க்ளெய்ம் வராது.

டீசல் வண்டிய பத்து வருசத்துல தட பண்ணிடுவாங்களாமே?

அது டெல்லி சுத்துவட்டாரம். பத்து வருசம் தாண்டின டீசல், பதினஞ்சு தாண்டின பெட்ரோல்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணினது, 2025ல அதே கோர்ட் அத கொஞ்சம் தளர்த்திடுச்சு. தமிழ்நாட்டுல அப்படி ஒரு தட இல்ல, எஃப்சி பாஸ் ஆனா ஓடும்.

இன்சூரன்ஸ், டேக்ஸ், பெர்மிட்ல டீசலுக்கு அதிகமா?

தேர்ட் பார்ட்டி பிரீமியம் எடைய வெச்சுத்தான், 7500 கிலோ வரைக்கும் ஒரே ஸ்லாப், பெட்ரோலா டீசலான்னு பாக்கறதில்ல. வண்டி வில கூடுறதால ஃபுல் இன்சூரன்ஸ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சரக்கோட மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருந்தா பெர்மிட் வேண்டாம். டீசல்னு முடிவு பண்ணினதும் "இன்னும் ஒரு சைஸ் பெருசா எடுத்துடலாம்"னு 1.7 டன் பிக்கப்புக்குப் போறவங்க அந்தக் கோட்ட தாண்டிடுவாங்க, ஆர்சில வரப்போற எடைய முன்னாடியே கேட்டுக்கங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா கொறஞ்சிருக்கு, பழைய கொட்டேஷன வெச்சு யாராவது பேசினா புதுசு கேளுங்க.

வாரம் ரெண்டு நட கேரளா போறேன், மிச்ச நாள் டவுனுக்குள்ள தான், எனக்கு எது?

இதுதான் எல்லாத்துலயும் சிக்கலான கேள்வி. ஒட்டன்சத்திரத்துல காய் ஏத்திட்டு திருச்சூர் போய் வர்ற மாதிரின்னா அந்த ரெண்டு நடைலயே டிபிஎஃப் தானா எரிஞ்சிடும், அதனால டீசலுக்கு டவுன் ஓட்டம் அவ்வளவா பாதிக்காது. அப்ப மிச்சம் ரெண்டு கேள்வி தான்: கேரளா லோடு ஒரு டன் தாண்டுதா, வரும்போது ரிட்டர்ன் லோடு உறுதியா கெடைக்குதா. ரெண்டுக்கும் ஆமான்னா டீசல். காலியாத்தான் திரும்பி வர்றீங்க, லோடும் முக்கா டன் தான்னா சிஎன்ஜி, ஏன்னா அந்த ரூட்டுல டவுனுக்கு டவுன் பங்க் வந்துடுச்சு, தீந்தா பெட்ரோல்ல ஓட்டிக்கலாம். ஆனா சில சிஎன்ஜி வண்டில பெட்ரோல் டேங்க் அஞ்சு லிட்டர் தான், அத ஆபத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க.

கேரளா பார்ட்டி நிரந்தரமா, இல்ல இந்த சீசன் மட்டுமான்னு தெரியலன்னா இப்போதைக்கு வண்டி எடுக்காதீங்க. ரெண்டு மாசம் வாடக வண்டி பேசி அந்த நடைய அடிச்சுப் பாருங்க, டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காந்து ஒவ்வொரு தடவையும் டேங்க் நெரப்பின பில்ல வாங்கி பைல போட்டுக்கங்க, அப்புறம் அந்த பில்லோட ஸ்டேண்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.